வந்திக்கிழவியின் பங்கு

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வைகையில் பெருவெள்ளம். கரை உடைத்துக்கொண்டு தண்ணீர் ஊருக்குள் வருகிறது. அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு போடுகிறான்: வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும். கரையை அளந்து, பங்கு பிரித்து, இந்த இடம் இன்ன வீட்டுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஊரில் வந்தி என்று ஒரு கிழவி. பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். ஆள் துணை கிடையாது, கூலிக்கு ஆள் வைக்கக் காசும் கிடையாது. அவளுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. என்ன செய்வாள் பாவம்? சொக்கநாதரை நினைத்து அழுதாள். அவரே கூலியாளாக மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. வயிறு நிறையச் சாப்பிட்டார், கரையில் போய்க் கொஞ்ச நேரம் விளையாடினார், அப்புறம் தூங்கியும்விட்டார். எல்லாருடைய பங்கும் அடைபட்டாச்சு, வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடக்கிறது. ராஜா வந்தார், பிரம்பால் ஒரு அடி. அந்த அடி ராஜா முதுகு உட்பட ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61-ஆவது படலம், மண் சுமந்த படலம். இன்றைக்கும் ஆவணியில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி இந்தத் திருவிளையாடலை நடத்துகிறார்கள். திருவாதவூரில் இருந்து மாணிக்கவாசகரும், திருப்பரங்குன்றத்தில் இருந்து முருகனும் வந்து கலந்துகொள்வார்கள். ஊரே புட்டு வாங்கிச் சாப்பிடும்.

பக்தி ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு இந்தக் கதையில் எப்போதும் உறுத்துகிற இடம் வேறு. வெள்ளத் தடுப்பு என்கிற அரசாங்க வேலை அப்படியே இதில் இருக்கிறது பாருங்க. ஆபத்து வருகிறது, செலவைக் குடும்பவாரியாகப் பிரிக்கிறார்கள், அளந்து கொடுக்கிறார்கள், மேற்பார்வைக்கு அதிகாரி இருக்கிறார், செய்யாதவனுக்குத் தண்டனையும் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. செய்ய முடியாதவளுக்கு என்ன ஏற்பாடு? அது மட்டும் உத்தரவில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கக் கடவுள் இறங்கி வர வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கு. கரையில் ஒரு முழம் உடைந்திருந்தாலும் முழு ஊருக்கும்தான் தண்ணீர் வரும். "அது வந்தியோட பங்கு, நமக்கென்ன" என்று யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது. அடி எல்லார் முதுகிலும் விழுந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம பக்கத்துக் கண்மாய்களின் வரலாற்றையும், குடிசை வீடுகளுக்கு அரசு கொடுக்கும் பணத்தின் வரலாற்றையும் கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

கண்மாய் என்பது ஒரு சங்கிலி

வடக்கே ஏரி என்பதை நாங்கள் கண்மாய் என்போம். மதுரையைச் சுற்றியுள்ள நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெதுவாகச் சரிகிற சமவெளி. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி மண்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். தேவைக்குத் திறக்க மடை. நிரம்பினால் மிச்சத்தை வெளியேற்றக் கலுங்கு. அந்தக் கலுங்கில் மறுகால் பாயும் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது.

தமிழ்நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. இதன் அழகும் ஆபத்தும் ஒன்றுதான். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே கருவி. கரை நன்றாக இருந்தால் கொட்டுகிற மழையை வாங்கி வைத்துக்கொள்ளும். மேலே ஒரு கண்மாய் உடைந்தாலோ, அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழ்க் கண்மாயில் போய் விழும். அது தாங்காமல் அதுவும் உடையும். மேலூரில் ஒருத்தர் கலுங்கைத் தூர்வாராமல் விட்டதற்கு, கீழே நாலு ஊர் தள்ளி ஒருத்தரின் வீடு கரையும்.

ஆகவே கண்மாய்க் கரைக்குச் செலவழிக்கும் பணம், பாசனத்துக்கான பணம் மட்டும் கிடையாது. பேரிடர் தடுப்புக்கான பணமும் அதுதான். இந்தப் பெயர்தான் புதுசு.

அந்தக் காலத்தில் யார் செலவு செய்தார்கள்?

புறநானூற்றிலேயே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், உனக்குப் புகழ் வேண்டுமென்றால் பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்று சொல்கிறார். வைகை ஆற்றுப் படுகையிலேயே கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் சேந்தன் மதகு அமைத்ததைச் சொல்கிறது. கட்டுவது ராஜாவுக்குப் பெருமை. சரி, கட்டின பிறகு வருஷா வருஷம் பராமரிக்க?

அதற்குத்தான் நிலம் விட்டார்கள். ஏரிப்பட்டி, குளப்பட்டி என்றெல்லாம் கல்வெட்டுகளில் வரும். அந்த நிலத்தின் வருமானம் ஏரிப் பராமரிப்புக்கு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே தனிக்குழு இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்ம பக்கத்தில் மடையைத் திறந்து மூட, கரையைப் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஆட்கள். அவர்களுக்கு அறுவடையில் பங்கு. இதோடு, ஆண்டுதோறும் ஊரார் கூடிச் செய்யும் மராமத்து வேலையும் உண்டு. குடிமராமத்து என்று பின்னாளில் பெயர் பெற்றது அது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். "அந்தக் காலத்துல ஊரே ஒற்றுமையா கூடி, பாட்டுப் பாடிக்கிட்டே தூர்வாரினாங்க" என்று ஒரு படம் நம்ம மனசில் இருக்கு இல்லையா? டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தங்கி ஆய்வு செய்து 2003-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வாதம் இதுதான்: கிராமங்கள் தாங்களாகவே கண்மாய்களைப் பராமரித்துவந்தன என்ற படத்தில் பெரும்பகுதி ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் வரையப்பட்டது. செலவைக் கிராமத்தின் தலையில் கட்ட அது வசதியாக இருந்தது. நடைமுறையில் கண்மாய்கள் அரசர், ஜமீன், சாதி அதிகாரத்தோடு பின்னிக் கிடந்தன. மண் சுமந்த தலைகள் பெரும்பாலும் நிலமில்லாதவர்களின் தலைகள்.

வந்திக்கு மண் சுமக்க ஆள் இல்லை. இவர்களுக்கு மண்தான் இருந்தது, அதன் பலன் இல்லை.

1858-ல் வந்த சட்டம்

கம்பெனி ஆட்சி வந்ததும் வரி வசூல் ஒழுங்கானது, மராமத்து ஒழுங்கு கெட்டது. பராமரிப்புக்கென்று விடப்பட்ட மானியங்கள் பல இடங்களில் கைமாறின. 1850-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பொதுப்பணிகள் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். பாசனத்தில் இருந்து கிடைக்கும் வரிக்கும் அதற்குத் திருப்பிச் செலவிடும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகுதான் பொதுப்பணித் துறை உருவெடுத்தது.

1858-ல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டின் முதல் சட்டம். சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். இரண்டு நோக்கம். ஒன்று, ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையப்போகிறது என்றால் உடனே ஆட்களைக் கட்டாயமாகத் திரட்டுவது. இன்னொன்று, வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தைச் செய்யாதவர்களிடம் அதன் மதிப்பைப் பணமாக வசூலிப்பது, அதுவும் இரண்டு மடங்காக.

பாண்டியன் உத்தரவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதையில் பாண்டியன் வீட்டுக்கு ஒரு ஆள் என்றான். பணக்கார வீடும் உண்டு, வந்தி வீடும் உண்டு. 1858 சட்டம் அவசரத்துக்குக் கூப்பிட்டது அக்கம்பக்கத்துக் கிராமங்களில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலு உள்ள ஆண்களை. கூலி உண்டு, ஆனால் வரமாட்டேன் என்றால் தண்டனையும் உண்டு. கரை உடைந்தால் நஷ்டம் நிலக்காரருக்கும் அரசின் வரிக்கும். இரவில் சேற்றில் இறங்கி மூட்டை அடுக்க வேண்டியவர் கூலிக்காரர். புராண காலத்தைவிட ஒருபடி கீழே போய்விட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவும் இல்லை. ஒவ்வொரு கண்மாயிலும் யார் வழக்கமாக எவ்வளவு செய்தார் என்று நிரூபித்து வசூலிப்பது என்ன லேசான காரியமா?

பஞ்சத்துக்கு ஒரு காப்பீடு

அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கில் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் வாயில் தாது வருஷம் என்ற சொல் வெகுகாலம் இருந்தது.

இந்தப் பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் முதல்முறையாக ஒரு புதுக் கணக்கு போட்டது. பஞ்சம் வந்தபிறகு கஞ்சித்தொட்டி வைப்பதைவிட, வரும் முன்பே பணம் ஒதுக்கி வைக்கலாமே? 1878-ல் வைசிராய் லிட்டன் காலத்தில் ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் பஞ்சக் காப்பீட்டு நிதி என்று ஒதுக்கினார்கள். வியாபாரிகள் மீது உரிம வரி உள்பட புது வரிகள் போட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பணம் கைக்கு வந்ததும் ஆஃப்கன் போரும் வந்தது. பஞ்சத்துக்கென்று வாங்கிய வரி போர்ச் செலவில் கரைந்தது என்று அப்போதே கடுமையான கண்டனம். வராத ஆபத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் போல எளிதாகக் கைவைக்கக்கூடிய பணம் வேறு எதுவும் இல்லை. இது இன்றைக்கும் பொருந்தும்.

இருந்தாலும் சில நல்லதும் நடந்தது. 1883-ல் சென்னை மாகாணத்தில் ஏரி சீரமைப்புத் திட்டம் என்று தொடங்கி, ஒவ்வொரு வடிநிலமாக எடுத்து, கரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கலுங்கு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அளந்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவேடுகள்தான் வெகுகாலம் பொறியாளர்களுக்குக் கையேடு.

அடுத்து பெரியாறு. மேற்கே ஓடி வீணாகும் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் யோசனை. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக்குக் குத்தகை ஒப்பந்தம், ஜான் பென்னிகுயிக் மேற்பார்வையில் வேலை, 1895 அக்டோபரில் திறப்பு. பேரணையில் இருந்து பிரியும் கால்வாய் மேலூர் வரைக்கும் தண்ணீர் கொண்டு வந்தது. வானம் பார்த்த பூமி இருபோகம் கண்டது. பெரியாறு இல்லாத மதுரை மாவட்டத்தை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் கால்வாய் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரிக் கண்மாய்கள் பழையபடி அந்தந்த ஊர் பாடு என்றுதான் கிடந்தன.

மண்வெட்டியை நட்டுவிட்டுப் போ

நடுவில் ஒரு எட்டு நெதர்லாந்து போய்வருவோம். கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ கால்வாசி நாட்டை வைத்துக்கொண்டு கரை கட்டிப் பிழைப்பவர்கள். அவர்களிடமும் பழைய காலத்தில் பாண்டியன் ஏற்பாடுதான். கரையை அளந்து, இன்ன துண்டு இன்ன விவசாயிக்கு என்று பிரித்திருந்தார்கள். தன் துண்டைப் பராமரிக்க முடியாதவன் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவைத்துவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியை எவன் பிடுங்குகிறானோ அவனுக்கு அந்த நிலமும் சொந்தம், கரைப் பொறுப்பும் சொந்தம்.

அவர்கள் ஊரில் வந்திக்குச் சொக்கநாதர் வரவில்லை. நிலத்தை இழந்து போனாள், அவ்வளவுதான். ஆனால் காலப்போக்கில் அவர்கள் ஒன்று செய்தார்கள். ஆளுக்கொரு துண்டு என்பதை விட்டுவிட்டு, எல்லாரிடமும் நிலத்துக்கேற்ப வரி வாங்கி, நீர் வாரியம் மொத்தக் கரையையும் பார்த்துக்கொள்ளும் என்று மாற்றினார்கள். பலவீனமான கையில் ஒரு துண்டுக் கரை இருந்தால் அது எல்லாருக்கும் ஆபத்து என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது.

40 ஹெக்டேர் கோடு

நாம் ஊருக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிந்தது, ஜமீன் கண்மாய்களும் அரசுக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று ஒரு கோடு கிழித்தார்கள். நிர்வாகத்துக்குச் சரிதான். ஆனால் தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாதே! ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஒன்றியத்திடம், நடுக் கண்மாய் துறையிடம், கீழ்க் கண்மாய் மறுபடி ஒன்றியத்திடம். சிறியது கண்டுகொள்ளப்படாமல் உடைந்தால், சீரமைத்த பெரியதும் சேர்ந்து உடையும்.

1984-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரி நவீனப்படுத்தும் திட்டம் வந்தது. 2007-ல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் வந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-கள் முதல் வயலகம் என்ற பெயரில் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி, அவர்கள் பங்குத்தொகையோடு கண்மாய்களைச் சீர்செய்யத் தொடங்கியது.

பிறகு 2017 மார்ச்சில் தமிழக அரசு பழைய பெயரையே தூசி தட்டி எடுத்தது. குடிமராமத்துத் திட்டம். முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். விதி என்னவென்றால், மதிப்பீட்டில் 10 சதவீதத்தை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ கொடுக்க வேண்டும். மிச்சம் அரசு.

10 சதவீதம் கொஞ்சம்தானே என்று தோன்றும். கேட்பதிலும் நியாயம் இருக்கு. தன் காசு போட்டால்தான் மனுஷனுக்கு அக்கறை வரும். ஆனால் அந்த 10 சதவீதம் உண்மையிலேயே விவசாயிகளிடம் இருந்து வந்த ஊரும் உண்டு, சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் போட்டு எடுத்துக்கொண்டார் என்ற புகார் எழுந்த ஊரும் உண்டு. யாரால் பங்கு கொடுக்க முடியவில்லையோ, அங்கே யாராவது வசதியானவர் வந்து நுழைந்துவிடுகிறார். அவர் சொக்கநாதர் இல்லை. உதிர்ந்த பிட்டோடு அவர் நிற்கவும் மாட்டார்.

கரை சரி, வீடு?

இதுவரை கரையைப் பேசினோம். வெள்ளம் வந்தால் நம்ம பக்கத்தில் ஆற்றில் அடித்துப் போகிறவர்களைவிட வீட்டுச் சுவர் விழுந்து சாகிறவர்களின் செய்திதான் கண்ணில் படும். மண்சுவர் நாலு நாள் மழையில் ஊறும். ஐந்தாம் நாள் வெயில் அடிக்கும்போது, "அப்பாடா மழை விட்டுச்சு" என்கிற நேரத்தில், படுத்திருப்பவர் மேல் சாயும். கோடையில் வேறு ஆபத்து. தென்னங்கீற்றோ பனையோலையோ, ஒரு பொறி விழுந்தால் வரிசை முழுக்கப் போய்விடும். 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகள் கருகியபிறகு பள்ளிகளில் கீற்றுக்கொட்டகையை அகற்றினார்கள். வீடுகளில்?

வீடுகளுக்கும் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம்: மாநிலத்தில் உள்ள 21 இலட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடாக்குவது என்று இலக்கு. வீட்டுக்கு 60,000 ரூபாய், பிறகு அது 75,000. 2011-ல் ஆட்சி மாறியதும் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 இலட்சம், ஆண்டுக்கு 60,000 வீடுகள். 2016 முதல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம்: 1.20 இலட்சம்; அதில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் மாநில அரசு கூரைக்கென்று தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம்: 3.50 இலட்சம், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்று இலக்கு.

தொகை ஏறிக்கொண்டே வந்திருப்பதைக் கவனியுங்கள். 60,000-த்தில் தொடங்கி 3.50 இலட்சம். சிமெண்ட், கம்பி விலை ஏறியது ஒரு காரணம். இன்னொரு காரணம், கொடுத்த பணம் எப்போதும் வீட்டை முடிக்கப் போதவில்லை என்பது. மீதியைக் குடும்பம் போட வேண்டும். அதோடு பணம் கட்டம் கட்டமாக வரும்: அடித்தளம் எழும்பினால் இவ்வளவு, சன்னல் மட்டம் வந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு. அடித்தளம் எழும்பக் கையில் காசு வேண்டுமே! இருந்த குடிசையைப் பிரித்தாயிற்று. வேலை முடியும்வரை தங்க ஒரு இடம் வேண்டும். இருக்கிறவர் தாலியை அடகு வைத்துச் சமாளிப்பார். ஒன்றுமே இல்லாதவர் வீடு சன்னல் மட்டத்தில் நின்றுபோய், சுவரில் செடி முளைத்துக் கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒன்றிரண்டு பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய தடை பட்டா. இந்தத் திட்டங்களுக்கெல்லாம் சொந்தமாக இடம் இருக்க வேண்டும். யார் வீடு வெள்ளத்தில் முதலில் போகும்? கண்மாய்ப் புறம்போக்கிலும், வாய்க்கால் ஓரத்திலும், ஆற்றங்கரையிலும் இருக்கிற வீடு. யாருக்குப் பட்டா இருக்காது? அதே வீட்டுக்காரருக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்கக் கூடாது என்பது நியாயமான விதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவு, ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கு உதவி குறைவு.

கலிஃபோர்னியாவில் பூகம்பத்துக்குப் பழைய மர வீடுகளை அடித்தளத்தோடு போல்ட் போட்டுக் கட்ட அரசு சார்ந்த திட்டம் ஒன்று 3,000 டாலர் வரை மானியம் தருகிறது. அங்கும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. மீதிப் பணம் போட முடிந்தவர்தான் மானியத்தையே வாங்க முடியும். அதனால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் கூடுதல் மானியம் என்று தனியாகச் சேர்த்தார்கள். பணக்கார நாட்டுக்கும் ஒரு வந்தி உண்டு.

வந்தபின் கொடுப்பதும் வருமுன் கொடுப்பதும்

2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதில் இரண்டு வகை நிதி சொல்லியிருந்தார்கள். ஒன்று, பேரிடர் வந்தபின் நிவாரணத்துக்கு. இன்னொன்று, வருமுன் தணிப்புக்கு. நிவாரண நிதி சீக்கிரம் வந்துவிட்டது. தேசியத் தணிப்பு நிதி அமைக்கப்பட்டது 2021-ல். பதினாறு வருஷம்! 15-ஆவது நிதிக்குழு சொன்னபிறகுதான் அசைந்தது. 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதி மொத்தம் 1,60,153 கோடி ரூபாய். அதில் 20 சதவீதம் தணிப்புக்கு, 80 சதவீதம் நிவாரணம், மீட்பு, மறுசீரமைப்பு வகையறாவுக்கு. ஐந்தில் ஒரு பங்காவது கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்.

நிவாரணத்தில் குடிசைக்கு என்ன கிடைக்கும்? 2023 மிக்ஜாம் புயலின்போது சேதமடைந்த குடிசைக்கு 5,000 என்று இருந்ததை 8,000 ஆக்கினார்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது முழுதாகப் போன குடிசைக்கு 10,000. அந்தப் பணத்தில் என்ன வரும்? கீற்றும் மூங்கிலும் வரும். அடுத்த புயலில் போவதற்கு அதே குடிசை மறுபடி எழும்பும்.

மதுரையிலேயே பார்த்தோம். 2024 அக்டோபர் 25, ஒரே பிற்பகலில் 10 செ.மீ.க்கு நெருங்கிய மழை. செல்லூர், கட்டபொம்மன் நகர் எல்லாம் தண்ணீர். சில நாட்களிலேயே செல்லூர்க் கண்மாயில் இருந்து வைகை வரை சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய்க்கு அரசு உத்தரவிட்டது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் செல்லூர்க் கண்மாயின் மறுகால் எந்தப் பக்கம் போகும் என்பது நூற்றுக்கணக்கான வருஷமாகத் தெரிந்த விஷயம். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபிறகுதான் பணம் வருகிறது.

வீட்டுக்குள் வருவதற்கும் காரணம் இருக்கு. மதுரையில் தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், உலகநேரி என்று பெயரைக் கேட்டாலே அங்கே என்ன இருந்தது என்று தெரியும். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது. உலகநேரிக் கண்மாயில் 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அரசுக் கட்டடம் கண்மாய்க்குள் இருந்தால் அது வளர்ச்சி, கூலிக்காரன் குடிசை இருந்தால் அது ஆக்கிரமிப்பு. அந்தக் கட்டடத்தைச் சுற்றி மதில் எழுப்ப, தரையை உயர்த்த, மோட்டார் வைக்கப் பணம் இருக்கும். குடிசைக்காரருக்கு முழங்கால் தண்ணீர்தான்.

என்ன செய்யலாம்?

நான் பொறியாளரும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆனால் இத்தனை நூற்றாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் சாதாரண ஆளுக்கும் சில விஷயம் தோன்றத்தான் செய்யும்.

பங்குத்தொகை கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் எல்லாரிடமும் ஒரே 10 சதவீதம் என்று வேண்டாம். நெல் மூட்டை கட்டுகிறவரும் குத்தகைக்கு உழுகிறவரும் ஒன்றில்லை. வீட்டு மானியத்தில் முதல் தவணையைக் கடைக்கால் தோண்டும் முன்பே கொடுக்கலாம். சுவரில் செடி முளைத்த வீடுகள் பாதியாகக் குறையும். கண்மாய்ப் புறம்போக்கில் இருப்பவருக்கு அங்கேயே பட்டா வேண்டாம், நியாயம். ஆனால் அதே ஊரில், அவர் வேலைக்குப் போய்வருகிற தூரத்தில், மேட்டு நிலத்தில் இடம் கொடுத்து, அப்புறம் குடிசையைப் பிரிக்கலாம். கண்மாயும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார். 40 ஹெக்டேர் கோட்டை மறந்துவிட்டு, ஒரு சங்கிலியில் உள்ள எல்லாக் கண்மாய்க்கும் ஒரே மதிப்பீடு போடலாம். 1883-ல் வடிநிலம் வடிநிலமாக அளந்தவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

உங்கள் ஊர்க் கிராமசபையில் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் வாசிக்கும்போது அதில் யார் பெயர் இருக்கு என்று எல்லாரும் கேட்பார்கள். யார் பெயர் இல்லை என்று ஒருத்தராவது கேளுங்கள். கண்மாய்க் கரையோரம் தனியாக இருக்கும் பாட்டியின் பெயர் அநேகமாக அதில் இருக்காது.

அடுத்து கிருதுமால் நதி சாக்கடையான கதையை எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்குள் மழை வந்துவிட்டால், உங்கள் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு தடவை குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்க. பழைய கண்மாய் எங்கே இருந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.